மேடு ஏறும்போது தெரியும்: ஃப்யூல் பம்பின் கதை

அம்பாசடர் காலத்து மெக்கானிக்குகள் காரின் பெட்ரோல் பம்பை 'ஏசி பம்ப்' என்பார்கள். குளிர்பதன ஏசிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஏசி என்பது ஆல்பர்ட் சாம்பியன் என்ற ஆளின் பெயர்ச் சுருக்கம். பிரெஞ்சுக்காரர், சைக்கிள் பந்தய வீரர், 1899-இல் பாரிஸ்–ரூபே பந்தயத்தில் ஜெயித்தவர். பிறகு அமெரிக்கா போய் ஸ்பார்க் பிளக் தயாரித்தார். சாம்பியன் என்ற தன் பெயரையே அவரால் பயன்படுத்த முடியாமல் போயிற்று. பாஸ்டனில் அவரோடு கூட்டு வைத்திருந்தவர்கள் அந்தப் பெயரைத் தங்களோடு வைத்துக்கொண்டார்கள். அதனால் மிச்சிகனில் உள்ள ஃப்ளின்ட்டில் அவர் நடத்திய கம்பெனிக்கு அவருடைய இரண்டு முதலெழுத்துகள்தான் மிஞ்சின. 1927-இல் அவர் இறந்தார். 1920களின் கடைசியில் அந்தக் கம்பெனி கொண்டுவந்த மெக்கானிக்கல் பம்ப் உலகம் பூராவும் பரவி, நம்ம ஊர்ப் பட்டறை வரை அவர் முதலெழுத்துகளைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டது.

ஒரு பழைய கார்ப்பரேட்டர் கார் வைத்திருப்பதால் இந்தப் பம்பைப் பற்றிக் கொஞ்சம் தேடிப் படித்தேன். எனக்குத் தட்டுப்பட்டது ஒரு விஷயம். டாங்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோல் கொண்டுபோக இதுவரை வந்த எல்லா ஏற்பாடும் தன் பலவீனத்தை முதலில் காட்டிய இடம் மேடு. சமதளத்தில் ஒழுங்காக ஓடும் வண்டி, ஏற்றத்தில் திணறும். பம்ப் ஒரே நாளில் சாவது அபூர்வம். மாசக்கணக்காக மேட்டில் சொல்லிக்கொண்டே இருக்கும். நாம்தான் அதைக் கார்ப்பரேட்டர் மேலேயும் பிளக் மேலேயும் போட்டுவிடுவோம்.

முதலில் பம்பே இல்லை. 1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி-யில் டாங்க் முன் சீட்டுக்கு அடியில் இருந்தது. பெட்ரோல் தன் எடையில் கீழே வழிந்து கார்ப்பரேட்டருக்குப் போகும், அவ்வளவுதான். பெட்ரோல் குறைவாக இருக்கும்போது செங்குத்தான மேட்டில் ஏறினால் முன்பக்கம் உயரும், டாங்க் தாழ்ந்துவிடும், இன்ஜின் பட்டினி. அப்படிப்பட்ட மேட்டை ரிவர்ஸில் ஏறுவார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் கணக்கு சரி.

அடுத்து வந்தது வாக்குவம் டாங்க். இன்ஜின் காற்றை உறிஞ்சும் இழுவையையே வைத்து, பின்னால் உள்ள டாங்கிலிருந்து பெட்ரோலை பானட்டுக்குள் இருக்கும் ஒரு சின்ன டாங்குக்கு இழுத்துக்கொள்வது. பிரிட்டனில் இதை ஆட்டோவாக் என்ற பெயரில் விற்றார்கள். இதிலும் அதே வில்லங்கம். மேட்டில் ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதித்தால் அந்த இழுவை விழுந்துவிடும். எப்போது பெட்ரோல் அதிகம் வேண்டுமோ, அப்போதுதான் வராது. சின்ன டாங்கில் இருப்பது தீரும்வரை ஏறலாம், பிறகு நிறுத்திக் காத்திருக்க வேண்டும்.

ஏசி பம்ப் இந்தச் சிக்கலைத் தீர்த்த விதம் அழகானது. இன்ஜினின் கேம் ஷாஃப்ட் ஒரு நெம்புகோலை ஆட்டும், அது ஒரு டயாஃப்ரத்தைக் கீழே இழுக்கும். அந்த இழுப்பில் டாங்கிலிருந்து பெட்ரோல் வரும். திரும்ப மேலே தள்ளுவது இன்ஜின் இல்லை, ஒரு ஸ்பிரிங். கார்ப்பரேட்டர் நிறைந்து மிதவை ஊசி அடைத்துக்கொண்டால் ஸ்பிரிங்கால் தள்ள முடியாது, டயாஃப்ரம் கீழேயே நிற்கும், நெம்புகோல் சும்மா ஆடும். தேவைக்கு மேல் அனுப்பாமல் இருக்க வேறு ஒன்றுமே தேவையில்லை. அழுத்தம் மூன்றிலிருந்து ஐந்து பிஎஸ்ஐ இருந்தால் போதும். அதோடு பக்கத்தில் ஒரு கை நெம்புகோலும் வைத்தார்கள். வண்டி ரொம்ப நாள் நின்றிருந்தால் நாலு தடவை அடித்துப் பெட்ரோலை ஏற்றிக்கொள்ளலாம்.

குறை அது இருக்கும் இடத்தில்தான். சூடான இன்ஜினில் ஒட்டிக்கொண்டு, பின்னாலுள்ள டாங்கிலிருந்து உறிஞ்ச வேண்டும். உறிஞ்சும்போது குழாய்க்குள் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் திரவம் கொதிப்பதற்கு அவ்வளவு சூடு வேண்டாம். பெட்ரோலின் லேசான பகுதிகள் 40 டிகிரி செல்சியஸை ஒட்டியே ஆவியாகத் தொடங்கிவிடும். ஆவியை டயாஃப்ரம் அமுக்கலாம், தள்ள முடியாது. இதுதான் வேப்பர் லாக். 1932-இல் வந்த ஃபோர்டு வி8-இல் பம்பை இன்ஜின் தலைமேலேயே உட்காரவைத்தார்கள். வெயில் காலத்தில் அது படுத்திய பாடு பேர்போனது. நம் ஊரில் ஆனைமலையில் வால்பாறைக்குப் போகிற 40 கொண்டை ஊசி வளைவுகள் போன்ற மலைப்பாதைகளில் அம்பாசடரும் பத்மினியும் நின்றால், டிரைவர் பானட்டைத் தூக்கி பம்ப் மேல் ஈரத்துணி போடுவார். ஏதோ நம்பிக்கை என்று நினைக்க வேண்டாம், சரியான பௌதிகம் அது.

ஆனால் ஈரத்துணி இன்னொரு விஷயத்தை மறைத்துவிடும். நல்ல பம்பாக இருந்தால் அந்தச் சூட்டைப் பெரும்பாலும் சமாளிக்கும். அடிக்கடி துணி கேட்கிறது என்றால் டயாஃப்ரம் தளர்ந்திருக்கலாம், வால்வு சரியாக மூடாமல் இருக்கலாம், டாங்க் பக்கத்து ரப்பர் ஓஸ் வெடித்துக் காற்று இழுக்கலாம். காலையில் ரொம்ப நேரம் செல்ஃப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது என்பதும் இதே கதைதான்: ராத்திரி பெட்ரோல் பின்வாங்கிவிடுகிறது.

பட்டறையில் இதைச் சோதிக்கும் முறை எளிது. ஆறிய இன்ஜினில், காயில் வயரைக் கழற்றிவிட்டு, கார்ப்பரேட்டருக்குப் போகும் ஓஸை ஒரு பாட்டிலுக்குள் விட்டு செல்ஃப் அடித்தால், பெட்ரோல் விட்டு விட்டு பலமாகப் பீச்ச வேண்டும். சொட்டினாலோ குமிழியோடு வந்தாலோ பம்பையும் ஓஸையும் பார்க்க வேண்டியதுதான். பீடி, சிகரெட் பக்கத்தில் இருக்கவே கூடாது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறொன்று. டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் இரண்டு வழியாகப் போகலாம். பம்பின் அடியில் ஒரு சின்ன ஓட்டை உண்டு, கிழிசல் இருந்தால் அது வழியாகக் கசியும். கண்ணுக்குத் தெரியும், ஆனால் சூடான இன்ஜின் பக்கத்தில் பெட்ரோல் கசிவது நெருப்புக்கு அழைப்பு. இன்னொன்று, நெம்புகோல் வழியாக இன்ஜினுக்குள்ளேயே இறங்கி ஆயிலில் கலப்பது. வண்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆயில் நீர்த்துப்போய் பேரிங் தேயும். சில நூறு ரூபாய் டயாஃப்ரத்துக்காக ஒரு இன்ஜினே போகும். ஆகவே டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்க்கும்போது ஆயில் குறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். ஊற்றாமலே ஏறியிருந்தால், மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் வண்டியை எடுக்க வேண்டாம்.

பம்புக்கும் இன்ஜினுக்கும் நடுவே பேக்லைட்டில் ஒரு தடித்த கட்டை இருக்கும். சூடு ஏறாமல் தடுப்பது ஒரு வேலை. நெம்புகோலுக்கும் கேமுக்கும் இடையே சரியான தூரம் வைப்பது இன்னொரு வேலை. உடைந்த கட்டைக்குப் பதிலாக மெல்லிய கேஸ்கெட் மட்டும் வைத்து முடுக்கினால் நெம்புகோல் அளவுக்கு மேல் தள்ளப்பட்டுச் சீக்கிரம் போகும். தடிமனாக இரண்டு மூன்று வைத்தால் இழுப்பு குறையும், மேட்டில் மறுபடி திணறல். புது பம்ப் போட்டும் சரியாகவில்லை என்ற புகார் வந்தால் இந்தக் கட்டையை ஒரு தரம் பார்க்கலாம்.

பிரிட்டிஷ் கார்களில் வேறொரு வழி இருந்தது. எஸ்யூ கம்பெனியின் எலெக்ட்ரிக் பம்ப். எஸ்யூ என்றால் ஸ்கின்னர்ஸ் யூனியன். செருப்பு வியாபாரக் குடும்பத்துச் சகோதரர்கள் 1910-இல் தொடங்கியது, அவர்களுடைய முதல் கார்ப்பரேட்டர்களில் தோல் துருத்தி வைத்திருந்தார்கள்! 1948-இல் வந்த மோரிஸ் மைனரில் இந்தப் பம்ப் சாவி போட்டதும் டக் டக்கென்று அடித்து, கார்ப்பரேட்டர் நிறைந்ததும் அமைதியாகும். இன்ஜின் ஓடாதபோது நிற்காமல் அடித்தால் எங்கோ கசிவு அல்லது காற்று. அடிக்கவே இல்லை என்றால் உள்ளே காண்டாக்ட் கருகியிருக்கும். ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டினால் உயிர் வரும். தட்டி வீடு வந்து சேரலாம், அதற்கப்புறம் காண்டாக்டை மாற்றியாக வேண்டும்.

1967-இல் ஃபோக்ஸ்வாகன் 1600-இல் பாஷ் கம்பெனியின் எலெக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் வந்தது. இன்ஜெக்டருக்கு நிலையான அழுத்தம் வேண்டும். பின்னாளில் வந்த கார்களில் அது மூன்று பாரை ஒட்டி இருக்கும், பழைய டயாஃப்ரம் பம்ப் தருவதைப்போலச் சுமார் பத்து மடங்கு. பம்ப் மெல்ல மெல்ல டாங்குக்குள்ளேயே போய்ச் சேர்ந்தது. உறிஞ்சும் வேலை தள்ளும் வேலையாக மாறியதால் வேப்பர் லாக் கிட்டத்தட்ட ஒழிந்தது. இந்தியாவில் 2000-ஐ ஒட்டி புகை விதிகள் இறுகியபோது சின்னக் கார்களும் எம்பிஎஃப்ஐ ஆயின. இன்று 'பழைய கார்' என்றால் பலர் வீட்டிலும் அந்தத் தலைமுறைதான்.

இதில் ஈரத்துணிக்கு வேலையில்லை. காதுக்குத்தான் வேலை. சாவியை ஆன் செய்ததும், ஸ்டார்ட் செய்யும் முன், பின்சீட் பக்கத்தில் இரண்டு விநாடி மெல்லிய முனகல் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் முதலில் ஃப்யூஸ், ரிலே, எர்த் வயர்; பம்பைக் குற்றம் சொல்வது அப்புறம். முனகல் நாளுக்கு நாள் கூர்மையாகி விசில் மாதிரி ஆனால் பம்ப் கஷ்டப்படுகிறது. பம்பைக் குளிர்விப்பது டாங்கிலுள்ள பெட்ரோல்தான். எப்போதும் ரிசர்வில் ஓட்டுபவர்கள் அதைச் சூட்டிலேயே ஓடவிடுகிறார்கள். அடியில் உள்ள துருவும் மண்டியும் சேர்ந்து ஃபில்டரை அடைக்கும். கால் டாங்குக்குக் கீழே இறங்க விடாமல், ஃபில்டரை நேரத்தோடு மாற்றினாலே ஆயுள் நீளும். பிறகும் மேட்டில் இழுவை இல்லை என்றால், கேஜ் போட்டு அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். பார்க்காமலே பம்பை மாற்றுவது வீண் செலவு.

இப்போது பெட்ரோலே மாறிவிட்டது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமானது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். நீண்ட நாள் நிற்கும் வண்டியின் டாங்கில் துரு பிடிக்க அது வழி. பழைய ரப்பர் அதில் ஊறி உப்பும், சிலது விறைத்து வெடிக்கும். ஐம்பது வருஷமாகக் கடை அலமாரியில் கிடந்த 'ஒரிஜினல்' டயாஃப்ரம் கிட் கிடைத்தால் சேகரிப்பில் வைத்துக்கொள்ளலாம்; வண்டியில் போடுவதற்கு எத்தனாலைத் தாங்கும் ரப்பரில் செய்த புதுக் கிட்டையே வாங்குங்கள். டாங்கிலிருந்து கார்ப்பரேட்டர் வரை உள்ள ஓஸையும் கூடவே மாற்றிவிடுங்கள்.