வெள்ளிச் சுத்தி சொன்ன ஏடுகள்

பூவாரில் எனக்கு நாற்பது வருஷமாக வெள்ளிச் சாமான் வியாபாரம். பழைய கொலுசு, கிண்ணம் எல்லாம் ஒரு தட்டாரிடம்தான் உருக்கக் கொடுப்பேன். சாம்பல் குழியில் ஈயம் சேர்த்து ஊதுவார். ஈயம் செம்பையும் கூட்டிக்கொண்டு சாம்பலுக்குள் இறங்கிவிடும். வெள்ளி மட்டும் மேலே மின்னும். "எந்தப் புஸ்தகத்துல இருக்கு, ஆசாரியாரே?" என்பேன். "கையில இருக்கு, நயினாரே" என்று சிரிப்பார். அவர் காலமானதும் குழி மூடிற்று. அன்று தொடங்கிய தேடல் இது.

சிலப்பதிகாரம் பொன்னின் நால்வகைக்குப் பெயர் சொல்கிறது. சுத்தி முறை சொல்லவில்லை. அர்த்தசாஸ்திரம் சொல்கிறது. தஞ்சைப் பண்டிதர் ஒருவர் மைசூருக்குக் கொடுத்த ஏட்டை ஷாமசாஸ்திரி 1909-இல் அச்சேற்றினார். நமக்குப் பக்கத்துத் திருவனந்தபுரத்திலும் கணபதி சாஸ்திரி உரையோடு பதிப்பித்தார். மட்டமான வெள்ளிக்குக் கால் பங்கு ஈயம், பொன்னுக்கு நாலு மடங்கு என்று அதில் கணக்கே இருக்கிறது. ஆசாரியார் ஈயத்துக்குத் தராசு எடுத்து நான் பார்த்ததில்லை.

அடுத்தது சமணர் நூல். டில்லி நாணயச்சாலையில் இருந்த டக்குர பேரு (பேரே பேருதான்!) 1318-இல் பிராகிருதத்தில் எழுதிய 'திரவ்யபரீட்சை'. உலோகச் சுத்தியும் அக்காலக் காசுகளின் மாற்றும் அதில் உண்டு. கல்கத்தாவில் முடங்கிக் கிடந்த பிரதியை நாஹடா குடும்பத்தார் கண்டெடுத்தார்கள். 1961-இல் ஜோத்பூரில் அச்சாயிற்று. தம் சகோதரனுக்கும் மகனுக்கும் என்றே பேரு அதை எழுதினார்.

ஆசாரியார் மகன் ஷார்ஜாவில் இருக்கிறான். போன மாதம் போனில் கேட்டேன், "குழிக்கு அப்பா என்ன சாம்பல் போடுவார், தம்பி?"

அவனுக்கும் தெரியவில்லை.