நாவடங்கினாலும் விழி பேசும்: கண்வழி உரையாடலின் வரலாறு

மதீனாவில் நிகழ்ந்த ஒரு சம்பவத்தை அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்க, இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் பதிவு செய்துள்ளார்கள். வெள்ளி நகைகளுக்காக ஒரு சிறுமியின் தலை கல்லால் நசுக்கப்பட்டது. நபி (ஸல்) அவர்களிடம் கொண்டுவரப்பட்டபோது அவளுக்கு உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது, பேச இயலவில்லை. ஒவ்வொரு பெயராகச் சொல்லி, தாக்கியவர் அவரா எனக் கேட்கப்பட்டது. மற்றவர் பெயர்களுக்கு இல்லையென்றும், குற்றவாளியின் பெயர் வந்ததும் ஆமென்றும் அவள் தலையால் உணர்த்தினாள். அவன் பிடிக்கப்பட்டு, விசாரணையில் குற்றத்தை ஒப்புக்கொண்டான்.

நா அடங்கியவளிடமும் சொல்வதற்குச் செய்தி உண்டு. அதைக் கேட்டறியும் பொறுப்பு சுற்றியிருப்போருடையது. இந்நிகழ்வில் நாம் காணும் பாடம் இதுவே. உடல் முழுதும் செயலிழந்தோர் இன்று கண்ணசைவால் கணினியை இயக்கி உரையாடும் தொழில்நுட்பத்தின் வரலாறும் இதே பொறுப்பின் வரலாறுதான்.

தலையையும் அசைக்க இயலாதவர் நிலை என்ன? அத்தகையவர் இமைகளால் சைகை செய்து தொழ வேண்டும் என ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூல்கள் கூறுகின்றன. மருத்துவமும் விழியின் தனித்தன்மையை அறிந்திருக்கிறது. தசைகளை இயக்கும் நரம்பணுக்களை அழிக்கும் ஏ.எல்.எஸ். நோயில் கை, கால், நாக்கு யாவும் ஓய்ந்த பின்னரும் விழியசைவு பெரும்பாலும் நெடுநாள் எஞ்சியிருக்கிறது. மூளைத்தண்டில் ஏற்படும் சிலவகைப் பக்கவாதத்திலும் அறிவு தெளிவாக இருக்க, விழியும் இமையும் மட்டுமே அசையும்.

பார்வை எவ்வாறு நிகழ்கிறது என்பதற்குச் சரியான அடித்தளமிட்டவர், ஏறத்தாழ 965இல் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம். கண்ணிலிருந்து கதிர்கள் புறப்பட்டுப் பொருளைத் தொடுகின்றன என்ற பழங்கருத்தை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணை அடைகிறது என்று அவர் தம் ‘கிதாபுல் மனாளிர்’ நூலில் நிறுவினார்.

விழி எங்கே பார்க்கிறது என்பதைப் பிறர் அறியும் முயற்சி பல நூற்றாண்டுகள் கழித்துத் தொடங்கியது. வாசிக்கும்போது விழி வரியின்மேல் சீராக ஊர்வதில்லை, தாவித் தாவி நின்று செல்கிறது என்பது 1879ஆம் ஆண்டையொட்டிப் பாரிஸில் கண் மருத்துவர் எமில் ஷவாலின் ஆய்வுக்கூடத்தில் கண்டறியப்பட்டது. அமெரிக்கரான எட்மண்ட் ஹியூயி, அத்தாவல்களைப் பதிவுசெய்ய விழிமேல் ஒரு சிறு கிண்ணத்தைப் பொருத்தி, அதில் அலுமினிய முள்ளை இணைத்தார். விழிக்கு அது வேதனையே. 1901இல் டாட்ஜ், கிளைன் ஆகிய இருவர், விழிவெண்படலத்தில் பட்டுத் தெறிக்கும் ஒளியைப் புகைப்படத் தகட்டில் பதித்தனர். கண்ணைத் தொடாமலேயே அதன் போக்கை அறியும் வழி இவ்வாறு பிறந்தது.

இன்றைய கருவிகளும் இவ்வழியையே பின்பற்றுகின்றன. கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளி விழிமேல் பாய்ச்சப்படுகிறது. கண்மணியின் நடுவையும் விழிமேல் தோன்றும் ஒளிப்புள்ளியையும் கேமரா படம்பிடிக்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவையும் திசையையும் கொண்டு, திரையில் எங்கே பார்வை விழுகிறது எனக் கணினி கணக்கிடுகிறது. ஓர் எழுத்தைச் சிறிது நேரம் உற்றுநோக்கினால் போதும், அது தட்டச்சாகிவிடும். எழுதி முடித்ததைக் கணினி குரலாக வாசிக்கும். 1980களில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹட்சின்சன் குழுவினர், மாற்றுத்திறனாளிகளுக்கென இத்தகைய கருவி ஒன்றை உருவாக்கினர்.

ஆயினும் கருவி எல்லோர் கைக்கும் எட்டவில்லை. 1995 டிசம்பரில் பக்கவாதத்தால் வீழ்ந்த பிரெஞ்சு இதழாசிரியர் ழான் தொமினிக் போபிக்கு இடது இமை மட்டுமே அசைந்தது. உதவியாளர் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்ல, வேண்டிய எழுத்தில் அவர் இமைத்தார். விரைவு கருதி, பிரெஞ்சில் மிகுதியாக வரும் எழுத்துகள் முதலில் சொல்லப்பட்டன. அவ்வாறே ஒரு முழு நூலை எழுதி முடித்தார். 1997 மார்ச்சில் நூல் வெளிவந்த சில நாள்களிலேயே இறந்தார்.

2009இல் மற்றொரு வாயில் திறந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரச் சுவரோவியர் டோனி குவான் ஏ.எல்.எஸ். நோயால் அசைவிழந்திருந்தார். நண்பர்களும் கலைஞர்களும் கூடி, மலிவான கண்ணாடிச் சட்டத்தில் விளையாட்டுக் கருவியின் கேமராவைப் பொருத்தி ‘ஐரைட்டர்’ என்ற கருவியைச் செய்தனர். அவர் மீண்டும் வரைந்தார். அதன் செய்முறையையும் மென்பொருளையும் எவரும் பயன்படுத்துமாறு பொதுவில் வைத்தனர். 2017இல் விண்டோஸிலும், 2024இல் ஐபோனிலும் கண்ணால் இயக்கும் வசதி உள்ளமைந்தே வந்தது.

இவ்வரலாற்றில் நமக்கும் ஒரு கடமை இருக்கிறது. படுக்கையில் அசைவற்றுக் கிடக்கும் முதியவரின் தலைமாட்டில் நின்று, சிகிச்சை பற்றியும் சொத்து பற்றியும் நாமே பேசி நாமே முடிவெடுக்கிறோம். அவர் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். அவருக்குச் சொல்ல வேண்டிய வஸிய்யத்தும், திருப்பித் தர வேண்டிய அமானிதமும், மன்னிப்புக் கேட்க வேண்டிய ஒருவரும் இருக்கலாம். கருவி வாங்க வசதியில்லை எனில், ஒளி ஊடுருவும் ஒரு தாளில் எழுத்துகளை எழுதி அவர் முகத்தெதிரே பிடிப்போம். அதன் வழியே அவர் விழி செல்லும் இடத்தை நோக்குவோம். அதுவும் இயலாதபோது, ஆமென்றால் மேலே பார்க்கச் சொல்லி, ஒவ்வொன்றாகக் கேட்டுக் காத்திருப்போம். மதீனாவில் அச்சிறுமிக்குக் கிடைத்த பொறுமையான செவியை, நம் வீட்டில் நாவடங்கியவருக்கும் வழங்க அல்லாஹ் நமக்கு அருள்வானாக.