வன்னியும் இலவச வைத்தியமும்: கடன்பட்ட அரசின் கணக்கு

நோயாளியின் செலவை யார் பொறுப்பது என்னும் வினா இலங்கையில் இன்று புதிதாகத் தோன்றியதன்று. 2022 ஏப்ரல் 12ஆம் நாள் அரசு தன் வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை இடைநிறுத்தியதன் பின்னர், வரிப்பணத்தால் நடைபெறும் இலவச வைத்தியத்தை இனியும் தாங்கவியலாது, காப்புறுதி முறையே வழி என்னும் குரல் வலுத்துள்ளது. இக்கூற்றைக் கொழும்பின் கணக்கேடுகளிலிருந்தன்றி, கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய வன்னிப் பெருநிலத்தின் வரலாற்றிலிருந்து நோக்குவதே எமது எண்ணம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வன்னியை அரித்தவை முறைக்காய்ச்சலும் பறங்கி நோயும் ஆகும். பறங்கி நோய் குறித்து வைத்திய அதிபர் கின்சி 1881இல் அறிக்கை எழுதினார். 1895இல் வெளிவந்த லூயிஸின் வன்னிக் கையேடு, நோயாலும் குளங்களின் சிதைவாலும் குடிகுறைந்த ஊர்களைக் காட்டுகின்றது. தூர்ந்த குளத்தின் நீரும் போதாத உணவுமே பறங்கிக்குக் காரணம் என அதிகாரிகள் பலர் கருதினர். அது தொற்றுநோய் என்பது பின்னரே தெளிவாயிற்று. எனினும் குளம் தூர்ந்த ஊரில் நோயும் வறுமையும் ஒன்றாகவே குடியிருந்தன என்பதில் ஐயமில்லை.

அக்காலத்தில் ஏழைத் தமிழருக்கு வைத்தியமே கிடைக்கவில்லை என்று பொதுப்படக் கூறுதல் பொருந்தாது. 1872இல் இயற்றப்பட்ட வைத்தியத் தேவைகள் கட்டளைச்சட்டம், தோட்டத் தொழிலாளரின் வைத்தியத்துக்கெனத் தோட்டமுதலாளிகளிடமிருந்து பணம் திரட்ட வழிசெய்தது. வைத்தியம் தரக்குறைவாயிருந்தது உண்மையே. ஆயினும் அதன் தத்துவம் கவனிக்கற்பாலது: எவன் உழைப்பில் முதலாளிக்கு இலாபமுண்டோ அவனுக்கே வைத்தியம். மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கி, வன்னியின் ஓரமாக நடந்துசென்ற கூலிகள் வாந்திபேதியால் வழிநெடுகிலும் மடிந்தனர். உயிரோடு தோட்டத்தை அடைந்தவருக்கு மருந்து காத்திருந்தது. வழியோரத்து வன்னி விவசாயிக்கோ முதலாளி இல்லை; ஆதலின் அவனுக்காகப் பணம் கட்டவும் எவருமிலர். 1892இல் நெல்வரி ஒழிக்கப்படும்வரை அரசு அவனிடம் அறவிட்டதை மாத்திரம் மறக்கவில்லை. இன்றைய காப்புறுதித் திட்டங்களின் வித்து இக்கட்டளைச்சட்டத்திலேயே இருக்கின்றது என்பது எமது கருத்து.

நிலைமையை மாற்றியது வாக்குரிமையாகும். 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. 1934-35இல் மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டது. அக்கொள்ளைநோய் தாக்கியது பெரும்பாலும் கேகாலை, குருநாகல் போன்ற பகுதிகளை. காய்ச்சல் நிரந்தரமாகக் குடியிருந்த வன்னியின் சாவு செய்தியாகவில்லை. எனினும் அவ்வழிவு தந்த அரசியல் அதிர்ச்சியின் பயன் வன்னிக்கும் கிட்டியது. 1940களின் நடுப்பகுதியில் டீடீற்றீ தெளிக்கப்பட்டது. 1946இல் ஆயிரத்துக்கு 20.3 ஆக இருந்த நாட்டின் இறப்பு வீதம் 1947இல் 14.3 ஆக வீழ்ந்தது. இரணைமடுவின் கீழ்க் குடியேறியவர்கள் நிலைத்து வாழ இயன்றமைக்கு வாய்க்கால் நீர் எவ்வளவு காரணமோ, அவ்வளவு இதுவும் காரணம். 1951இல் அரச வைத்தியசாலைகளில் கட்டணம் ஒழிக்கப்பட்டது.

சிக்கனத்தின் விலை விரைவிலேயே தெரிந்தது. 1963இல் நாடு முழுவதிலும் 17 மலேரியா நோயாளரே பதிவாயினர். நோய் ஒழிந்ததென்ற நம்பிக்கையில் தெளிப்பு நிறுத்தப்பட்டது, கண்காணிப்புத் தளர்ந்தது. 1969இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது.

இலவச வைத்தியத்தில் முதல் கீறல் விழுந்ததும் அந்நியச் செலாவணி நெருக்கடிக் காலத்திலேயே. 1971இல் வெளிநோயாளர் ஒவ்வொருவருக்கும் 25 சதக் கட்டணம் விதிக்கப்பட்டது. விதித்தவர் நிதியமைச்சர் என்.எம். பெரேரா. 1934இன் கொள்ளைநோயின்போது கிராமம் கிராமமாகப் பருப்பு வழங்கி, 'பருப்பு மாத்தயா' என மக்களால் அழைக்கப்பட்டவரும் அவரே. இதனை அவரது தனிப்பட்ட துரோகமாகக் காண்பது எளிது, அது ஆய்வாகாது. கடன் நெருக்கும்போது இடதுசாரி அமைச்சனும் நோயாளியின் சட்டைப்பையையே தடவ நேர்கின்றது என்பதே இதன் பொருள். 1977இல் அக்கட்டணம் நீக்கப்பட்டது. நீக்கிய அரசே, அரச வைத்தியர் தனியாகவும் தொழில் செய்ய அனுமதித்தது. முன்வாயிலில் இலவசம், பின்வாயிலில் கட்டணம் என்ற நிலை உருவாயிற்று. அதே 1977இன் வன்செயலால் மலையகத்திலிருந்து விரட்டப்பட்டவர் பலர் வன்னியில் குடியேறினர். தோட்டத்து மருந்தகத்தை இழந்த அவர்களுக்கு அரச வைத்தியசாலையே கதியாயிற்று.

போர்க்காலத்தில் மருந்துகளே கட்டுப்படுத்தப்பட்டன. 2009 பெப்ரவரியில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணைகளுக்கு இலக்காயிற்று. எனினும் வன்னியில் அரச வைத்தியரும் மலேரியாத் தடுப்பு ஊழியரும் பணிபுரிந்துகொண்டே இருந்தனர். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடெனச் சான்று பெற்றதில் அவர்களுக்கும் பங்குண்டு. இலாபக் கணக்குப் பார்க்கும் எந்தக் காப்புறுதி நிறுவனம் அக்களத்தில் நின்றிருக்கும்?

இனி இன்றைய நிலை. 2022இல் அரச வருமானத்தின் நான்கில் மூன்று பங்குக்கு மேல் வட்டிக்கே சென்றது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர்த் திட்டத்துக்கு இசைந்து, வட்டி நீங்கலான வரவுசெலவில் மிகை காட்டுமாறு கோரியது. அரச ஊழியருக்கு 'அக்ரஹார' காப்புறுதி உண்டு. சம்பளத்திலிருந்து மாதந்தோறும் அதற்கான பணம் கழிக்கப்படுகின்றது. சம்பளப் பட்டியலே இல்லாத நந்திக்கடல் மீனவரிடமும், கணவனை இழந்து கூலிவேலைக்குச் செல்லும் பெண்ணிடமும் எதிலிருந்து கழிப்பது? அவர்களுக்கான தவணைப்பணத்தை அரசே கட்டுமாயின், அது சுற்றுவழியில் வரும் வரிப்பணமேயன்றி வேறன்று. இடையில் நிறுவனத்தின் இலாபமும் சேரும்.

அன்றியும், அவர்கள் பணம் கட்டாதவர்களல்லர். பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி முதலாம் நாள் 18 சதவீதமாக உயர்த்தப்பட்டது. முல்லைத்தீவுக் கடையில் வாங்கும் சவர்க்காரத்திலும், பரந்தனில் உழவியந்திரத்துக்கு நிரப்பும் டீசலிலும் அது அடங்கியிருக்கின்றது.