போரும் பட்டப்பின் படிப்பும்: யாழ்ப்பாணத்தில் மருத்துவ உளவியல் – ஒரு வரலாற்று நோக்கு

ஒரு துறையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அத்துறை அறிஞரையும் அவர்தம் கொள்கைகளையுமே முதன்மைப்படுத்துவர். அத்துறையைத் தொழிலாகக் கொள்வோர் எங்கே பயின்றனர், எத்தனை ஆண்டு பயின்றனர், அப்பயிற்சிக்கு யார் பொருள் செலவிட்டனர் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. மருத்துவ உளவியலைப் பொறுத்தவரை இவ்வினாக்களே அடிப்படையானவை. உளவியலில் முதற்பட்டம் பெற்ற ஒருவர் மனித உள்ளம் பற்றிய கொள்கைகளைக் கற்றவராவர். ஆயினும் நோயாளி ஒருவரின் முன் சிகிச்சையாளராக அமரும் தகுதியை அப்பட்டம் அவருக்கு வழங்குவதில்லை. அத்தகுதி பட்டப்பின் படிப்பினாலும் அதனோடு இணைந்த மேற்பார்வைப் பயிற்சியினாலுமே கிடைக்கின்றது.

இங்கு மூன்று தொழில்களை வேறுபடுத்திக் கொள்ளுதல் பொருத்தமானது. உளமருத்துவர் மருத்துவப் பட்டம் பெற்றபின் உளநோய்களில் சிறப்புத் தேர்ச்சி பெறுபவர்; மருந்து விதிக்கும் உரிமை அவருக்குண்டு. மருத்துவ உளவியலாளர் உளவியல் வழியே வந்து, உளச் சோதனைகள் மூலம் நிலையை மதிப்பிட்டுப் பேச்சுவழிச் சிகிச்சை அளிப்பவர். உளவளத்துணையாளர் துயருற்றோர்க்குச் செவிசாய்த்து, அவர்கள் தமது சிக்கலைத் தாமே எதிர்கொள்ளத் துணைநிற்பவர். யாழ்ப்பாணத்தில் முதலாமவர் மிகச் சிலராகவும், மூன்றாமவர் பலராகவும் இருந்த காலத்தில் இரண்டாமவரின் இருக்கை வெறுமையாகவே இருந்தது. அவ்வெறுமை எவ்வாறு தோன்றியது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பிற நாடுகளில் இத்தொழிலின் தோற்றம்

1879இல் ஜேர்மனியின் லைப்சிக் நகரில் வில்கெல்ம் வூண்ட் உளவியலுக்கெனப் பரிசோதனைக்கூடம் ஒன்றை நிறுவினார். 1896இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் லைற்னர் விற்மர் கற்றலில் இடர்ப்பட்ட சிறுவர்களுக்காக உளவியல் நிலையம் ஒன்றைத் தொடங்கினார். இத்துறைக்குரிய பெயரையும் 1907இல் அவரே முன்வைத்தார். எனினும் அதன்பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இத்தொழில் வரையறுக்கப்பட்ட பயிற்சி ஏதுமின்றியே இயங்கிவந்தது.

அந்நிலையை மாற்றியது இரண்டாம் உலகப் போராகும். போர்முனையிலிருந்து மீண்ட படைவீரருள் பெருந்தொகையினர் உளப் பாதிப்புக்கு உள்ளாகியிருந்தனர். அவர்களைப் பராமரிக்க இருந்த உளமருத்துவர் போதாமையால், அமெரிக்க அரசின் முன்னாள் படைவீரர் நிருவாகம் 1946இல் பல்கலைக்கழகங்களோடு இணைந்து மருத்துவ உளவியலாளரைப் பயிற்றும் திட்டத்தைத் தொடங்கியது. மாணவருக்குரிய கொடுப்பனவை அரசே வழங்கியது. 1949இல் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் கூடிய மாநாடு, இத்தொழிலுக்கு வருவோர் கலாநிதிப் பட்டம் வரை பயின்று, ஆய்வாளராகவும் சிகிச்சையாளராகவும் ஒருங்கே உருவாக வேண்டுமென்றும், ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி பெற வேண்டுமென்றும் விதந்துரைத்தது. ஆகவே, அமெரிக்காவில் மருத்துவ உளவியலின் பட்டப்பின் படிப்பைப் போரின் விளைவாகக் கொள்வதில் தவறில்லை.

இந்தியாவிலும் அரசின் கை இதிற் காணப்படுகின்றது. தமிழ்நாட்டில் சென்னைப் பல்கலைக்கழகம் 1943இல் ஜி. டி. போவாஸ் தலைமையில் உளவியற் கல்வியைத் தொடங்கியிருந்தது. அது பெரும்பாலும் கல்விசார் உளவியலாகவே அமைந்தது. சிகிச்சைசார் பயிற்சிக்கு வழிவகுத்தது 1946இல் வெளிவந்த போர் குழுவின் சுகாதார அறிக்கையாகும். (சேர் ஜோசப் போர் என்பவரின் தலைமையிலமைந்த குழு என்பதால் இப்பெயர் வழங்கலாயிற்று.) அதன் பரிந்துரைப்படி 1954இல் பெங்களூரில் அகில இந்திய உளநல நிறுவனம் அமைக்கப்பட்டது. எம். வி. கோவிந்தசுவாமி அதன் முதற் பணிப்பாளரானார். 1955இல் அங்கு மருத்துவ உளவியலில் பட்டப்பின் டிப்ளோமா தொடங்கப்பட்டது. இந்நிறுவனமே 1974இல் மைசூர் அரச உளநோய் மருத்துவமனையுடன் இணைந்து நிம்ஹான்ஸ் எனும் பெயரைப் பெற்றது. அவ்விரண்டாண்டு டிப்ளோமா பின்னர் எம்.பில். பட்டமாக வளர்ந்தது.

இப்பயிற்சியின் உள்ளடக்கம் கருதத்தக்கது. பயிலுநர் இரண்டாண்டுக் காலம் மருத்துவமனையிலேயே முழுநேரமாகப் பணியாற்றுவார். நோயாளியின் வரலாற்றைக் கேட்டு எழுதுதல், நுண்ணறிவையும் ஆளுமையையும் நரம்புசார் குறைபாடுகளையும் அளக்கும் சோதனைகளை நடத்துதல், சிகிச்சை அமர்வுகளை மேற்கொள்ளுதல், ஒவ்வொன்றையும் மூத்தவரின் முன் வைத்துக் குறைகளைத் திருத்திக்கொள்ளுதல், ஆய்வேடு ஒன்றை எழுதுதல் என்பன அதன் கூறுகளாகும். விரிவுரை மண்டபத்திற் கற்க முடியாத ஒன்று இங்கு கற்பிக்கப்படுகின்றது. தவறு செய்வதற்கும், அத்தவறு நோயாளியைப் பாதிக்குமுன் பிறரால் சுட்டிக்காட்டப்படுவதற்கும் பயிலுநருக்கு வாய்ப்புக் கிடைக்கின்றது.

2. இலங்கையின் நிலை

இலங்கையில் உளநோய் பற்றிய அரச அக்கறை காவலில் வைத்தலிலிருந்தே தொடங்கியது. 1873இல் பித்தர் பற்றிய கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. 1920களில் அங்கொடையில் பெரிய உளநோய் மருத்துவமனை உருவாயிற்று. யாழ்ப்பாணத்து நோயாளி ஒருவர் அங்கு கொண்டு செல்லப்படுவதாயின் தன் ஊரையும் உறவையும் மொழியையும் விட்டு ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர் பயணஞ் செய்ய வேண்டியிருந்தது. 'அங்கொடை' என்னும் ஊர்ப்பெயர் வசைச்சொல்லாக மாறியமையே அவ்வேற்பாடு மக்கள் மனத்தில் ஏற்படுத்திய அச்சத்திற்குச் சான்றாகும். ஆதலின் பெரும்பாலானோர் உள்ளூரிலேயே ஆறுதல் தேடினர். கோயிலில் தங்கி வழிபடுதல், நூல் கட்டுதல், பார்வை பார்த்தல், பரிகாரியிடம் செல்லுதல் ஆகியவையே குடாநாட்டின் உளநலச் சேவைகளாக நீண்டகாலம் விளங்கின.

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியபின்னரும் உளவியல் மெய்யியலுக்கும் கல்வியியலுக்கும் துணையான பாடமாகவே கருதப்பட்டது. 1980ஆம் ஆண்டளவில் பட்டப்பின் மருத்துவ நிறுவனம் நிலைபெற்றதும் உளமருத்துவர்கள் நாட்டிற்குள்ளேயே சிறப்புப் பயிற்சி பெறும் வழி திறந்தது. ஆனால் மருத்துவ உளவியலாளருக்கு அத்தகைய வழி அப்போது அமையவில்லை. கொழும்புப் பல்கலைக்கழகம் மருத்துவ உளவியலில் எம்.பில். பட்டத்தை வழங்கத் தொடங்கியது பிற்காலத்திலேயாகும். அதுவரை இத்துறையை நாடியோர் இந்தியாவுக்கோ பிரித்தானியாவுக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ செல்ல வேண்டியவராயினர். சென்றவருள் மீண்டவர் சிலரே.

3. போர்க்கால யாழ்ப்பாணம்

1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகத் தோன்றிய யாழ்ப்பாண வளாகம் 1979இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அதன் மருத்துவபீடம் 1978இல் தொடங்கியது. உயர்கல்வி வளரத் தலைப்பட்ட அக்காலமே போரும் வளர்ந்த காலமாகும். 1981இல் யாழ். பொது நூலகம் எரிக்கப்பட்டது. 1983 யூலை வன்செயலின் பின் தெற்கிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அகதிகளாக வந்திறங்கினர். 1987 ஒக்டோபரில் யாழ். போதனா வைத்தியசாலைக்குள்ளேயே நோயாளரும் மருத்துவரும் தாதியரும் கொல்லப்பட்டனர். 1990இல் வடபுல முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் தொடங்கிய இடப்பெயர்வின்போது வலிகாமம் ஏறத்தாழ முழுமையாகத் தென்மராட்சியை நோக்கி நகர்ந்தது.

இத்தகைய சூழலில் உளநலப் பணியின் பெரும் பாரத்தைப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் சுமந்தார். நீண்டகாலம் வடபகுதியில் உளமருத்துவராகவும் மருத்துவபீட ஆசிரியராகவும் பணியாற்றிய அவர், ஒரு மருத்துவர் ஒரு சமூகம் முழுவதற்கும் சிகிச்சையளித்தல் இயலாதென்பதை உணர்ந்தார். 1987இல் உருவான 'சாந்திகம்' நிறுவனம் உளவளத்துணையாளர்களைப் பயிற்றியது. போரின் உளப்பாதிப்புகளை விளக்கும் 'மனவடு' என்னும் தமிழ்நூலை 1993இல் அவர் வெளியிட்டார். உலக சுகாதார நிறுவனமும் அகதிகளுக்கான ஐ.நா. ஆணையமும் 1996இல் வெளியிட்ட அகதிகள் உளநலக் கைநூலைத் தழுவி, அவரும் உளமருத்துவர் சா. சிவயோகனும் பதிப்பித்த 'தமிழ்ச் சமுதாயத்தில் உளநலம்' 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆசிரியர்களும் சுகாதாரப் பணியாளர்களும் கிராமத் தொண்டர்களும் இவற்றின் துணையுடன் பயிற்றப்பட்டனர். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வடமராட்சி கிழக்குக் கரையோரத்தை அழித்தபோது, இவ்வாறு பயிற்றப்பட்டோர் முகாம்களில் பணியாற்றும் நிலையில் இருந்தனர்.

இம்முயற்சியின் அருமையைக் குறைத்து மதிப்பிடலாகாது. மேலைநாட்டு முறைகளை அப்படியே கையாளாமல், செபம், சாந்தி ஆசனம், மூச்சுப் பயிற்சி, கூட்டு வழிபாடு ஆகிய மரபுவழிகளையும் அது உள்வாங்கியது. எனினும் வரலாற்று நோக்கில் ஒரு முரண்பாடு இங்கு புலப்படுகின்றது. அமெரிக்காவில் போர் பட்டப்பின் படிப்பை உருவாக்கியது; யாழ்ப்பாணத்தில் போர் குறுங்காலப் பயிற்சியையே உருவாக்கியது. அங்கே தன் படைவீரரைக் குணப்படுத்த அரசு பொருள் செலவிட்டது. இங்கே பாதிக்கப்பட்டோர் குடிமக்கள். அவர்களுக்கான செலவைப் பெரும்பாலும் தொண்டு நிறுவனங்களே ஏற்றன. தொண்டு நிறுவனத்தின் நிதி திட்டக்கால அளவிலேயே கிடைக்கும். இரண்டாண்டுப் பட்டப்பின் படிப்பொன்றை ஆண்டுதோறும் நடத்துதல் அத்தகைய நிதியால் இயலுவதன்று.

4. குறுங்காலப் பயிற்சியின் எல்லை

அவ்வெல்லையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் மனைவி நெஞ்செரிவு, தலைப்பாரம், உறக்கமின்மை எனக் கூறி வைத்தியசாலைக்கு வருகிறார். 'யோசனை கூடிப்போச்சு' என்பதே அவர் தம் நோய்க்கு அளிக்கும் விளக்கம். யாழ்ப்பாண வழக்கில் 'யோசனை' என்னும் சொல் சிந்தனையை மட்டுமன்றிக் கவலையையும் குறிக்கும் என்பதை அறியாதவர் அவரது முறைப்பாட்டைப் பிழையாகவே விளங்கிக்கொள்வர். உடல் கிடைக்காமையால் ஈமக்கடன் நிகழவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் இல்லை. அந்தியேட்டிக்குரிய கீரிமலையே நீண்டகாலம் மக்கள் தடையின்றிச் செல்ல முடியாத பாதுகாப்பு வலயத்தினுள் இருந்தது. பொட்டை அழிப்பதா, வைத்திருப்பதா என்பதே அப்பெண்ணின் அன்றாட வினாவாகிவிடுகின்றது.

இப்பெண்ணுக்குச் செவிசாய்க்க நல்லுள்ளம் கொண்ட உளவளத்துணையாளர் போதுமானவர். ஆனால் அவருடையது இழப்பின் இயல்பான துயரா, மனச்சோர்வு நோயா, நெருக்கீட்டுக்குப் பின்னான மனவடுவா, தற்கொலை எண்ணம் உண்டா, மூளைக் காயத்தின் விளைவு ஏதும் கலந்துள்ளதா என வேறுபடுத்தி அறிய நீண்ட பயிற்சி தேவை. ஒவ்வொன்றுக்குமான சிகிச்சை வேறுபட்டதாகும். தம் வீட்டிலும் இழப்பைச் சுமந்தவாறே பிறர் துயரை நாள்தோறும் கேட்ட பணியாளர்களைப் பற்றியும் எண்ணுதல் வேண்டும். அவர்கள் தம் சுமையை இறக்கிவைப்பதற்கு மேற்பார்வையாளர் வேண்டும். மேற்பார்வையாளரை உருவாக்குவது பட்டப்பின் படிப்பே. அப்படிப்பு இல்லாத இடத்தில் தொண்டரின் அர்ப்பணிப்பே அதற்கு ஈடாகக் கொள்ளப்பட்டது. அந்த ஈட்டைச் செலுத்தியவர்களும் தொண்டர்களேயாவர்.

5. மொழியும் முன்மாதிரியும்

பட்டப்பின் படிப்பு ஆங்கிலத்திலேயே இயலுமென்பது பரவலான கருத்து. இதற்கு மாறான சான்று யாழ்ப்பாண வரலாற்றிலேயே உண்டு. 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மருத்துவக் கல்வியை ஆங்கிலத்திலேயே தொடங்கினார். கற்றவர் ஊரை விட்டு அரச பதவிகளை நாடிச் செல்வதைக் கண்டு, 1864 அளவில் தமிழுக்கு மாறினார். தம் மாணவரின் துணையுடன் உடற்கூற்று நூல்களைப் பெயர்த்து, கலைச்சொற்களை ஆக்கி, 1873இல் நாடு திரும்புமுன் அறுபதுக்கு மேற்பட்ட மருத்துவரைப் பயிற்றினார். உள்ளூரில் தங்கி உள்ளூர் மொழியில் நோய் கேட்கும் மருத்துவர் வேண்டுமாயின் கல்வியையும் அதற்கேற்ப அமைக்க வேண்டும் என்பதே அவர் கண்ட உண்மை.

உடல்நோயைக் காட்டிலும் உளநோய்க்கு இவ்வுண்மை பெரிதும் பொருந்தும். எலும்பு முறிவை எம்மொழியிலும் கண்டறியலாம். ஏக்கத்தையும் விரக்தியையும் அவை பேசப்படும் மொழியிலேயே அறிய முடியும். உலக இலக்கியத்தை அறிய ஆங்கிலம் இன்றியமையாதது. ஆனால் சிகிச்சை அமர்வும், அதன் பதிவும், மேற்பார்வையும் தமிழில் நிகழாவிடில் பயிற்சியின் உயிர்ப்பகுதி மொழிபெயர்ப்பில் மறைந்துவிடும்.

யாழ்ப்பாணத்தில் இதற்கான மூலப்பொருள்கள் இல்லாமலில்லை. கலைப்பீடத்தில் உளவியல் கற்ற பட்டதாரிகள் உளர். யாழ். போதனா வைத்தியசாலையும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையும் உளமருத்துவப் பணியில் நீண்ட அனுபவம் உடையவை. கிராமங்களில் இரு தசாப்தங்களுக்கு மேலாகப் பணியாற்றியோரின் அறிவு பெரும்பாலும் எழுதப்படாமலே கிடக்கின்றது. கலைப்பீடத்தையும் மருத்துவபீடத்தையும் வைத்தியசாலையையும் இணைக்கும் நிலையான பட்டப்பின் பயிற்சியிலேயே இவை ஒன்றுகூட முடியும். 2009இல் போர் முடிந்தது. அதன் உளவிளைவுகள் அவ்வாண்டோடு முடியவில்லை. அன்று குழந்தைகளாக இருந்தோர் இன்று பெற்றோராகியுள்ளனர். போர்க்காலத்தில் அவசரத்தினால் விடப்பட்ட கடமையை அமைதிக்காலத்திலும் விட்டுவிட்டால், அதற்குக் காரணமாக அவசரத்தைக் கூற எவராலும் இயலாது.