வாராந்திரத் தோரா வாசிப்பு: வார்சாவிலும் கொச்சியிலும்

தோரா யூதர்களின் முதன்மையான மறைநூல். மோசேயின் ஐந்து நூல்கள் என்றும் அதைக் கூறுவர். தமிழ் விவிலியத்தின் தொடக்கத்தில் உள்ள ஆதியாகமம், யாத்திராகமம், லேவியராகமம், எண்ணாகமம், உபாகமம் ஆகியவைதாம் அந்த ஐந்து நூல்கள். அவை தமிழில் பெயர்க்கப்பட்ட இடம் எங்கள் வரிச்சிக்குடிக்கு மிக அருகில் உள்ளது. வடக்கே பூவம் வழியாகச் சென்று நண்டலாற்றைக் கடந்தால் சிறிது தொலைவில் தரங்கம்பாடி. 1706 ஜூலையில் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கு, தமிழில் புதிய ஏற்பாட்டை 1715இல் அச்சிட்டு முடித்தார். பிறகு பழைய ஏற்பாட்டைத் தொடங்கி ரூத் நூல் வரை மொழிபெயர்த்திருந்த நிலையில் 1719இல் காலமானார். எஞ்சியதைச் சூல்ட்ஸ் என்ற மற்றொரு மிஷனரி முடித்தார். ஆகவே தோராவின் ஐந்து நூல்களும் சீகன்பால்குவின் கைப்படவே தமிழுக்கு வந்தவை. மாணவர்களைத் தரங்கம்பாடிக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் டேனிஷ் கோட்டையைக் காட்டுவோம், அச்சுக்கூடத்தைப் பற்றிச் சொல்வோம். இதைச் சொல்ல மாட்டோம். நானும் பல ஆண்டுகள் சொல்லாமல் விட்டதுதான்.

தோராவின் இறையியலை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம் அன்று. அதை வாரந்தோறும் பகுதி பகுதியாக வாசிக்கும் வழக்கம் எப்படிப்பட்டது, துன்பக் காலத்தில் அந்த வாசிப்பில் மனிதர்கள் தங்களுக்கென்று எதைக் கண்டார்கள் என்பவற்றை இரண்டு ஊர்களின் வரலாற்றைக் கொண்டு பார்க்கலாம்.

வாசிப்பு முறை

தோரா முழுவதும் 54 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு பகுதிக்கும் அதன் தொடக்கச் சொற்களில் ஒன்றே பெயர். வாரத்துக்கு ஒரு பகுதி. சில வாரங்களில் இரண்டு சேர்ந்து வரும். இவ்வாறு ஓராண்டில் நூல் முழுவதும் வாசிக்கப்படும். முடிக்கும் நாள் ஒரு திருவிழா. அன்றைக்கே கடைசிப் பகுதியை வாசித்து முடித்து, உலகம் படைக்கப்பட்ட முதல் அதிகாரத்தை மீண்டும் தொடங்கிவிடுவர். பழங்காலத்தில் பாலஸ்தீனப் பகுதியில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் முடிக்கும் முறையும் இருந்தது. பாபிலோனிய யூதர்களின் ஓராண்டு முறையே பின்னர் எங்கும் நிலைத்தது.

ஜெப ஆலயத்தில் வாசிக்கப்படுவது அச்சிட்ட புத்தகம் அன்று. தோலில் கையால் எழுதப்பட்ட சுருள். மரபுவழிக் கணக்குப்படி அதில் 3,04,805 எழுத்துகள் உள்ளன. உயிர்க்குறிகளோ இசைக்குறிகளோ சுருளில் இருப்பதில்லை. வாசிப்பவர் அவற்றை மனத்தில் வைத்திருக்க வேண்டும். ஓர் எழுத்து சிதைந்திருந்தாலும் சுருளைத் திருத்தாமல் வாசிக்கக்கூடாது. சனிக்கிழமைக் காலையில் ஏழு பேர் ஒருவர்பின் ஒருவராக மேடைக்கு அழைக்கப்படுவர். அவ்வாறு அழைக்கப்படுவது பெரிய மரியாதை. இந்த மரியாதையைப் பற்றிப் பின்னால் பேச வேண்டியிருக்கிறது என்பதால் மாணவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளவும்.

தோராப் பகுதி முடிந்ததும் தீர்க்கதரிசிகளின் நூல்களிலிருந்து ஒரு பகுதி வாசிக்கப்படும். இது எப்படி வந்தது என்பதற்கு ஒரு மரபுச் செய்தி உண்டு. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் நான்காம் அந்தியோக்கஸ் மன்னன் தோரா வாசிப்பைத் தடைசெய்தானாம். மக்கள் அதே பொருளுடைய பகுதியைத் தீர்க்கதரிசிகளின் நூலில் தேடி வாசித்துச் சமாளித்தார்களாம். தடை நீங்கிய பின்னும் அந்த வழக்கம் நின்றுவிட்டதாம். வரலாற்று ஆய்வாளர்கள் இதை அப்படியே ஏற்பதில்லை. ஆயினும் யூதர்கள் தங்கள் வாசிப்பு முறையின் ஒரு பாதியைத் துன்பக் காலத்தின் நினைவாகவே சொல்லிவந்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

இந்த முறையில் வாசிப்பவருக்குத் தேர்வு உரிமை இல்லை. மனம் சோர்ந்திருக்கும் வாரத்தில் ஆறுதலான பகுதியாகப் பார்த்து எடுத்துக்கொள்ள முடியாது. அந்த வாரத்துக்கு எது உரியதோ அதுதான். நமக்கு இது புதியதன்று. மார்கழி முப்பது நாளும் நாளுக்கொரு திருப்பாவைப் பாசுரம் வரிசையாக வருகிறது. ரமலான் இரவுகளில் குர்ஆன் வரிசையாக ஓதப்படுகிறது. கத்தோலிக்கத் திருப்பலியிலும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கும் வாசகம் வகுக்கப்பட்டுள்ளது. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று திருக்குடும்ப விழா. அந்த ஆண்டின் வாசகச் சுழற்சிப்படி அன்றைய நற்செய்தி, இரவோடு இரவாகக் குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு யோசேப்பு எகிப்துக்குத் தப்பியோடிய பகுதி. அன்று காலையில்தான் ஆழிப்பேரலை காரைக்கால் கரையையும் நாகைக் கரையையும் தாக்கியது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேற்கே ஓடி வந்தவர்களை எங்கள் ஊர்ச் சாலையில் பார்த்தவர்களுக்கு அந்த வாசகம் பிறகு எப்படிக் கேட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வாசகத்தை அந்த நாளுக்கென்று யாரும் தேர்ந்தெடுக்கவில்லை.

வார்சா, 1939 முதல் 1942 வரை

கலோனிமஸ் கால்மான் ஷாபிரா போலந்தில் பியாசெச்னோ என்னும் ஊரின் பெயரால் அறியப்பட்ட சமய ஆசான். 1889இல் பிறந்தவர். 1923இல் வார்சாவில் ஒரு சமயக் கல்விக்கூடத்தை நிறுவினார். மாணவனை அதட்டிப் படிக்கவைப்பதில் பயனில்லை, அவனுடைய உள்ளத்தில் இருப்பதை அவனே கண்டுகொள்ளச் செய்ய வேண்டும் என்ற கருத்தில் மாணவர்களுக்காக 1932இல் ஒரு நூல் எழுதினார். பி.எட். படித்த காலத்தில் எங்களுக்கு ரூசோவும் பெஸ்டலாசியும் பாடமாக இருந்தார்கள். இவரையும் வைத்திருக்கலாம்.

1939 செப்டம்பரில் ஜெர்மானிய விமானங்கள் வார்சாவில் குண்டு வீசின. ஷாபிராவின் ஒரே மகன் காயமுற்று இறந்தான். அவன் சேர்க்கப்பட்டிருந்த மருத்துவமனையின் வெளியே நின்றிருந்த மருமகளும் குண்டுக்குப் பலியானாள். சில வாரங்களில் தாயாரும் காலமானார். அந்த நிலையிலும் வாரந்தோறும் அந்தந்தப் பகுதிக்கு அவர் உரையாற்றினார். ஓய்வுநாள் முடிந்ததும் எபிரேய மொழியில் எழுதி வைத்தார்.

1939 நவம்பர் 4, சனிக்கிழமை. அன்றைய பகுதியின் பெயர் 'சாராளின் வாழ்நாள்'. பெயர்தான் அப்படி, பகுதி தொடங்குவது ஆபிரகாமின் மனைவி சாராளின் மரணத்தோடு. அதற்கு முந்தைய வாரத்தில், ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடக் கொண்டுபோன நிகழ்ச்சி வந்திருக்கும். மகன் பலியாகும் நிலைக்குப் போன செய்தியைக் கேட்டு சாராளின் உயிர் பிரிந்தது என்பது பழைய உரைகாரர் விளக்கம். ஷாபிரா அதிலிருந்து ஒரு படி மேலே சென்றார். இரண்டு நிகழ்ச்சிகளையும் மோசே அடுத்தடுத்து வைத்தது ஏன்? தாங்கும் அளவான துன்பம் மனிதனைப் பண்படுத்தலாம். தாங்க முடியாத துன்பம் அவனை உடைத்துவிடும். பிழைத்தாலும் அவனில் ஒரு பகுதி போய்விடும். இதைக் கடவுளுக்கே எடுத்துக் காட்டத்தான் மோசே அப்படி அடுக்கினார் என்றார். சாராளின் மரணமும் கடவுளிடம் வைக்கப்பட்ட ஒரு முறையீடே என்பது அவர் கருத்து. மகனைப் புதைத்து ஐந்தாறு வாரம்கூட ஆகாத தகப்பன் பேசுகிறார். உரையில் மகனின் பெயர் வரவில்லை.

1940இல் கூட்டு வழிபாடு தடைசெய்யப்பட்டது. அந்த ஆண்டு நவம்பரில் யூதர்கள் சுவருக்குள் அடைக்கப்பட்டனர். உரைகள் நிற்கவில்லை. முந்தைய உரைகளில், நம் முன்னோரும் எத்தனையோ அழிவுகளைக் கண்டவர்கள்தாமே என்று தேற்றும் போக்கு இருக்கிறது. 1942 ஜூலை 22 முதல் இரண்டு மாதங்களில் சுமார் இரண்டரை லட்சம் பேர் வார்சாவிலிருந்து திரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு அனுப்பப்பட்டனர். அந்த நவம்பரில் ஷாபிரா தம் பழைய உரை ஒன்றின் கீழ் ஒரு குறிப்பைச் சேர்த்தார். முன்னைய அழிவுகளோடு ஒப்பிட்டுத் தாம் சொன்னது அன்று வரைக்கும் சரி, இப்போது நடப்பதைப் போன்றது முன்பு நடந்ததே இல்லை என்று திருத்தினார். தன் உரையைத் தானே திருத்தும் இந்த நேர்மைதான் என்னை அந்தக் கையெழுத்துப் படியின்மேல் மதிப்புக் கொள்ளச் செய்தது.

உரைகளில் கடைசியானது 1942 ஜூலை 18ஆம் நாளுக்குரியது. கையெழுத்துப் படி, வரலாற்றாசிரியர் இம்மானுவேல் ரிங்கெல்ப்ளும் இரகசியமாகத் திரட்டிய ஆவணங்களோடு சேர்த்து மண்ணில் புதைக்கப்பட்டது. 1950 டிசம்பரில் இடிபாடுகளைத் தோண்டியபோது பால் கேன்களில் ஆவணங்கள் கிடைத்தன. 1960இல் உரைகள் நூலாயின. ஷாபிரா 1943இல் முகாமில் கொல்லப்பட்டுவிட்டார்.

கொச்சி: தரையில் உட்கார்ந்து கேட்டவர்கள்

வார்சாவில் துன்பம் வெளியிலிருந்து வந்தது. நமக்கு அருகிலுள்ள கொச்சியில் அது ஜெப ஆலயத்துக்குள்ளேயும் இருந்தது.

கேரளக் கரையில் யூதர்கள் நெடுங்காலமாக வாழ்ந்தனர். அவர்கள் மலபார் யூதர் எனப்பட்டனர். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின், போர்ச்சுகல் முதலிய நாடுகளிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்கள் பரதேசி யூதர். தமிழில் இன்று இச்சொல்லுக்கு வேறு பொருள் ஏறிவிட்டது. அங்கே பிறதேசத்தார் என்ற நேர்ப்பொருள்தான். கொச்சி அரசர் தம் அரண்மனையை ஒட்டி அளித்த இடத்தில் 1568இல் மட்டாஞ்சேரி பரதேசி ஜெப ஆலயம் எழுந்தது. டச்சுக்காரர்களுக்கு உதவியதற்காக 1662இல் போர்ச்சுகீசியர் அதைத் தாக்கிச் சேதப்படுத்தினர். அடுத்த ஆண்டே கொச்சி டச்சுக்காரர் கைக்கு வர, ஆலயம் சீரமைக்கப்பட்டது. 1686இல் ஆம்ஸ்டர்டாம் யூதர்களின் குழு ஒன்று வந்து பார்த்துச் சென்றது. பின்னர் அங்கிருந்து எபிரேய நூல்கள் வந்து சேர்ந்தன.

கேரள ஜெப ஆலயங்களில் வேறெங்கும் காணாத ஓர் அமைப்பு உண்டு. கீழே கூடத்தின் நடுவே ஒரு வாசிப்பு மேடை. அதைத் தவிர மாடியில், பெண்கள் அமரும் பகுதியை ஒட்டி மற்றொரு மேடை. ஓய்வுநாளிலும் திருநாளிலும் தோராவை மாடி மேடையிலிருந்து வாசிப்பர். இதனால் தட்டிக்குப் பின்னால் இருக்கும் பெண்களுக்கு வாசிப்பு மிக அருகில் கேட்கும். யூதப் பெண்கள் விவிலியக் கதைகளை மலையாளப் பாட்டுகளாகக் குறிப்பேடுகளில் எழுதி வைத்துத் தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்தார்கள்.

பரதேசி ஆலயத்தில் ஒரு பிரிவினருக்கு மட்டும் பெஞ்சில் இடமில்லை. அவர்களுக்கு மெஷுஹ்ராரிம் என்று பெயர். எபிரேயத்தில் 'விடுவிக்கப்பட்டவர்கள்' என்பது பொருள். பரதேசி யூதர் வீடுகளில் அடிமைகளாக இருந்து, யூத சமயத்தில் சேர்க்கப்பட்டு விடுதலை பெற்றவர்களும் அவர்களின் வழிவந்தவர்களும் இவர்கள். அதே சமயம், அதே சுருள். ஆனால் அவர்கள் தரையிலோ முன்கூடத்திலோதான் உட்கார வேண்டும். மற்றவர்களைப் போல் தோரா வாசிக்க மேடைக்கு அழைக்கப்படவும் மாட்டார்கள். திருமண உறவும் கிடையாது. நம் ஊர்க் கோயில்களின் வாசலில் எது நின்றதோ அதேதான் அங்கேயும் நின்றது.

இப்போது வாசிப்புச் சுழற்சியை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆண்டுதோறும் மார்கழிக் கடைசியிலும் தையிலும் யாத்திராகமப் பகுதிகள் வரும். அடிமைகளாயிருந்தவர்கள் எகிப்திலிருந்து விடுபட்ட கதை. அடுத்த சில வாரங்களில், எபிரேய அடிமையை ஏழாம் ஆண்டில் விடுவிக்க வேண்டும் என்ற சட்டம். ஆவணி வாக்கில் உபாகமத்தில் அது மீண்டும் வரும். விடுதலையாகிப் போகிறவனை வெறுங்கையோடு அனுப்பாதே, நீயும் எகிப்தில் அடிமையாக இருந்ததை மறவாதே என்ற கருத்தோடு. 'விடுவிக்கப்பட்டவர்கள்' என்ற பெயரைச் சுமந்தவர்கள் இதையெல்லாம் தரையில் உட்கார்ந்து, ஆண்டுக்கு ஆண்டு, விடாமல் கேட்டார்கள். யாருக்கு இது அதிகம் உரியது என்று அவர்களுக்குத் தோன்றாமல் இருந்திருக்க முடியாது.

அந்தப் பிரிவில் 1882இல் பிறந்தவர் ஆபிரகாம் பராக் சேலம். எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் படித்து, பின் சென்னைக்கு வந்து பி.ஏ. பட்டமும் சட்டப் பட்டமும் பெற்றார். கொச்சி யூதர்களில் முதல் வழக்கறிஞர் அவரே. எர்ணாகுளத்தில் தொழில் செய்தார். தொழிற்சங்க வேலைகளில் ஈடுபட்டார். 1925 முதல் 1931 வரையும், மீண்டும் 1939 முதல் 1945 வரையும் கொச்சி சட்டமன்றத்தில் இருந்தார். முழு விடுதலைத் தீர்மானம் நிறைவேறிய 1929 லாகூர் காங்கிரசுக்கும் போய்வந்தார்.

இத்தனையும் ஆன மனிதர் சனிக்கிழமைகளில் தம் ஆலயத்தில் பெஞ்சில் உட்கார முடியாது. சேலம் அங்கே காந்தியின் வழியையே கைக்கொண்டார். சில காலம் ஆலயத்தைப் புறக்கணித்தார்; சத்தியாகிரகம் செய்தார். 'யூதக் காந்தி' என்ற பெயர் அதனால் வந்தது. வேறொரு ஆலயம் கட்டிக்கொண்டு அவர் விலகவில்லை. அந்தச் சுருளின் முன்னால், அந்த மேடையில், தமக்கும் இடம் வேண்டும் என்றார். தடைகள் ஒரேயடியாக நீங்கவில்லை. ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. 1937இல் கொச்சிக்கு வந்த அமெரிக்க மானிடவியலாளர் டேவிட் மண்டெல்பாம், பழைய கட்டுப்பாடுகள் பல விலகிவிட்டதைக் கண்டார்.

இஸ்ரேல் உருவான பின், 1950களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் அங்கே குடிபெயர்ந்தனர். அதற்கு ஏற்பாடுகள் செய்தவர்களில் சேலமும் ஒருவர். அவர் மட்டும் கொச்சியிலேயே தங்கி 1967இல் மறைந்தார். அதே பிரிவைச் சேர்ந்த ரூபி டேனியல், இஸ்ரேலில் வாழ்ந்தபடி மட்டாஞ்சேரி நினைவுகளை ஒரு நூலாக்கினார். அது 1995இல் வெளிவந்தது. தெருவில் யார் வீடு எது, ஆலயத்தில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதை அறிய விரும்பும் மாணவர்கள் அதைத் தேடிப் படிக்கலாம்.

பொது வாசிப்புக்கு வயதுவந்த ஆண்கள் பத்துப் பேர் இருக்க வேண்டும் என்பது விதி. மட்டாஞ்சேரியில் இன்று உள்ளூர்க்காரர்களைக் கொண்டு அந்த எண்ணிக்கை சேராது. வெளிநாட்டுப் பயணிகள் வந்து பத்துப் பேர் கூடும் சனிக்கிழமையில் சுருளை எடுக்கலாம். மற்ற வாரங்களில் சுருள் பேழையிலேயே இருக்கும். அந்த வாரத்துப் பகுதியை அச்சிட்ட நூலில் தனியே படித்துக்கொள்ள வேண்டியதுதான்.