முந்தி வந்தாலும் குற்றம்

மொரப்பூர் ஒரு காலத்தில் பெரிய ரயிலும் சின்ன ரயிலும் சந்தித்துக்கொண்ட ஊர். சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை வழியாகச் சேலத்துக்குப் போகும் பெரிய பாதையில் அது ஒரு ஸ்டேஷன். அங்கிருந்து தருமபுரிக்கு 1906-ஆம் வருஷத்தில் இரண்டரை அடி அகலத்தில் ஒரு குட்டி ரயில் பாதை போட்டார்கள். 1913-ல் அதை ஓசூர் வரைக்கும் நீட்டினார்கள். மழை பொய்த்தால் பஞ்சம் எட்டிப் பார்க்கிற சீமைக்கு அந்தக் குட்டி ரயில் பெரிய உபகாரமாக இருந்தது. ஆனால் இரண்டாவது உலக யுத்தம் வந்தது. 1941-ல் பாதையை மூடித் தண்டவாளங்களையும் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகு மொரப்பூரில் இறங்குகிற தருமபுரிக்காரர் முப்பது கிலோமீட்டர் சாலையைத்தான் நம்பவேண்டியதாயிற்று.

யுத்தம் ஓர் இடத்தில் எடுத்துக்கொண்டதை இன்னோர் இடத்தில் வேறு ரூபத்தில் போட்டுவிட்டுப் போவதுண்டு. தருமபுரிச் சீமையில் அது தண்டவாளத்தை எடுத்தது. சென்னைக்கு வடக்கே, செங்குன்றத்தைத் தாண்டிச் சோழவரத்தில் ஒரு விமான ஓடுதளத்தைப் போட்டது. யுத்தம் முடிந்து விமானங்கள் போய்விட்டன. நீளமான, கெட்டியான, கேட்பாரற்ற அந்தத் தளத்தைப் பார்த்ததும் மோட்டார்ப் பைத்தியம் பிடித்த சில பேருக்குக் கால் துறுதுறுத்தது. 1953-ல் சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பிறந்தது. சோழவரம் பந்தயம் என்றால் பட்டணத்தில் கூட்டம் கூட்டமாகக் கிளம்பிப்போகும் காலம் ஒன்று வந்தது. இங்கிலாந்திலும் இதே கதைதான். சில்வர்ஸ்டோன், குட்வுட் என்று உலகப் புகழ் பெற்ற பந்தயத் தளங்கள் யுத்த காலத்து விமான நிலையங்களாக இருந்தவையே.

இங்கே வாசகர்கள் ஒரு வித்தியாசத்தை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பந்தயம் வேறு, ராலி வேறு. பந்தயத்துக்கு வேலி போட்ட தனி இடம் உண்டு. யார் முதலில் கோட்டைத் தாண்டுகிறாரோ அவருக்கு மாலை. ராலி நடப்பதோ ஊரார் நடக்கிற சாலையில். மாட்டு வண்டியும், பால்காரர் சைக்கிளும், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் போகிற அதே சாலை. ஆகையால் ராலிக்கு வேறு தர்மம் வேண்டியிருந்தது.

அந்தத் தர்மம் மோட்டார்ப் போட்டி பிறந்த நாளிலேயே உண்டாயிற்று. 1894-ல் பாரிஸ் நகரிலிருந்து ருவான் வரையில் 126 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு பத்திரிகை போட்டி வைத்தது. முதலில் போய்ச் சேர்ந்தது தெ தியோன் என்ற பிரபுவின் நீராவி வண்டி. ஆனால் முதல் பரிசு அதற்குக் கிடைக்கவில்லை! கரி போட ஒரு தனி ஆள் வேண்டியிருக்கிறதே, அது எப்படிச் சௌகரியமான வண்டியாகும் என்று நடுவர்கள் கேட்டார்கள். ஆபத்தில்லாமல், சுலபமாக, கொஞ்சச் செலவில் ஓடுவதற்குத்தான் பரிசு என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். பெஜோ, பனார்ட் என்ற இரண்டு கம்பெனிகளுக்கு முதல் பரிசைப் பகிர்ந்து கொடுத்தார்கள். 1911-ல் மோண்டி கார்லோவில் முதல் தடவையாக ‘ராலி’ என்ற பெயரிலேயே ஒரு போட்டி நடந்தபோது, வந்து சேர்ந்த வண்டியின் அழகையும், உள்ளே இருந்தவர்களின் சௌகரியத்தையும்கூடப் பார்த்து மார்க் போட்டார்களாம்.

நம் தேசமும் பின்தங்கியிருக்கவில்லை. மொரப்பூரில் குட்டி ரயில் ஓட ஆரம்பிப்பதற்கு ஒரு வருஷத்துக்கு முன்பே, 1904 டிசம்பர் கடைசியில், டில்லியிலிருந்து பம்பாய்க்கு ஒரு மோட்டார்ச் சோதனை ஓட்டம் நடத்தினார்கள். அங்கேயும் கேள்வி, ‘யார் வேகம்?’ என்பதல்ல, ‘எந்த வண்டி நம்பத்தக்கது?’ என்பதுதான்.

இந்தத் தர்மத்தை மறந்தபோதெல்லாம் சாலை பழி வாங்கியிருக்கிறது. 1903-ல் பாரிஸிலிருந்து மாட்ரிட் நகருக்குப் பறந்த வண்டிகளில் பல மரத்திலும் மனிதர்கள் மீதும் மோதின. ரெனால்ட் சகோதரர்களில் ஒருவரான மார்சேல் மாண்டார். பாதி வழியில் போர்டோ நகரத்திலேயே அரசாங்கம் பந்தயத்தை நிறுத்திவிட்டது. 1957-ல் இத்தாலியில் ஆயிரம் மைல் பந்தயத்தில் ஒரு பெராரி வண்டி டயர் வெடித்துச் சாலையோரம் பாய்ந்தது. ஓட்டியவரும் கூட இருந்தவரும் போனதோடு, வேடிக்கை பார்க்க நின்ற ஒன்பது பேரும் போனார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். வெகு சமீபத்தில், 2019-ல், ராஜஸ்தானத்தில் பார்மருக்கு அருகே தேசிய ராலி நடந்துகொண்டிருந்தபோது, அடைத்துவைத்த பாதையில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது. அப்பா, அம்மா, பிள்ளை மூவரும் மாண்டார்கள். யார் மேல் குற்றம் என்று கோர்ட்டு விவாதிக்கட்டும். தங்கள் ஊர்ச் சாலை இன்றைக்குத் தங்களுடையது இல்லை என்று கிராமத்து ஜனங்களுக்கு எப்படித் தெரியும்? அதைத் தெரியப்படுத்துவது யாருடைய கடமை?

அதனால்தான் சொந்தப் பணத்தையும் சொந்த வண்டியையும் வைத்துக்கொண்டு ஆசைக்காகப் போட்டியிடுகிறவர்களுக்கு, நேரம்–வேகம்–தூரம் என்ற முறையில் நடக்கும் ராலி மிகவும் ஏற்றது. இதன் கணக்கை மொரப்பூர்ச் சாலையிலேயே போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போகவேண்டும் என்று உத்தரவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் ஒரு கிலோமீட்டருக்கு நூறு விநாடி. தருமபுரிக்கு முப்பது கிலோமீட்டர். ஆக ஐம்பது நிமிஷம். நாற்பத்தொன்பதாவது நிமிஷத்தில் போய் நின்றால் சபாஷ் கிடைக்குமா? கிடைக்காது. அபராதம்தான் கிடைக்கும். முந்தி வந்தாலும் குற்றம், பிந்தி வந்தாலும் குற்றம். பல ராலிகளில் பிந்தியதற்கு ஒரு பங்கு என்றால் முந்தியதற்கு இரண்டு பங்கு அபராதம். சோதனைச் சாவடிகள் எங்கே இருக்கின்றன என்றும் முன்னால் சொல்லமாட்டார்கள். ஆகவே கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று வழியில் டீ குடிக்க முடியாது. ஒவ்வொரு கிலோமீட்டரிலும் யோக்கியமாக இருந்தாக வேண்டும்.

மணிக்கு 36 கிலோமீட்டர்தானே, இதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். வண்டியில் தூரம் காட்டும் மீட்டர் நூற்றுக்கு இரண்டு பங்கு பிசகினால் போதும். முப்பது கிலோமீட்டரில் அறுநூறு மீட்டர் தப்பிப்போகும். அது சரியாக ஒரு நிமிஷம். டயர் தேய்ந்திருந்தாலும், காற்று குறைந்திருந்தாலும், சக்கரத்தின் சுற்றளவு மாறி மீட்டர் பொய் சொல்லும். போட்டிக்கு முன்பே அளந்துவைத்த சாலையில் ஓட்டிப் பார்த்து, மீட்டர் எத்தனை பொய் சொல்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பொய்யனோடு குடித்தனம் நடத்தலாம். எவ்வளவு பொய் என்று தெரிந்திருந்தால் சரி.

இந்தக் கணக்கைப் பார்ப்பவர் ஓட்டுகிறவர் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர். அவர் மடியில் ஒரு புஸ்தகம் இருக்கும். அதில் ஊர்ப் பெயர்கள் இரா. பந்தும் கோடும் அம்புக்குறியுமாகச் சின்னச் சின்னப் படங்கள் இருக்கும். பந்து இருக்கும் இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள், அம்பு காட்டும் வழியில் போகவேண்டும். ஹாலந்து தேசத்துத் துலிப் ராலியில் வழங்கியதால் இவற்றுக்குத் துலிப் படங்கள் என்றே பெயர். பக்கத்து ஆசாமியின் மகிமையை உலகத்துக்குக் காட்டியவர் டெனிஸ் ஜென்கின்சன் என்ற பத்திரிகைக்காரர். 1955-ல் இத்தாலியின் அதே ஆயிரம் மைல் பந்தயத்தில், வழியிலுள்ள ஒவ்வொரு வளைவையும் முன்கூட்டிப் பார்த்துப் பதினெட்டு அடி நீளக் காகிதச் சுருளில் எழுதி, கைச் சைகையாலேயே ஸ்டர்லிங் மாஸ் என்பவருக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். பத்து மணி ஏழு நிமிஷம் நாற்பத்தெட்டு விநாடியில் அவர்கள் ஜெயித்தார்கள்.

வண்டியைத் தயார் செய்வது தனிப் புராணம். நம் நாட்டில் வெகு காலம் மூன்று கார்கள்தாம் உண்டு: அம்பாசிடர், பியட், சென்னையில் உற்பத்தியான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. முதலாவதற்கு 1489 சி.சி. எஞ்சின், இரண்டாவதற்கு 1089, மூன்றாவதற்கு 948. அயல்நாட்டுச் சாமான் தருவிக்க லைசென்ஸ் கிடைக்காது. ஆகையால் இருக்கிற வண்டியை இருக்கிற பட்டறையில் வைத்துத்தான் வீரனாக்க வேண்டும். எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் நிற்கும் சம்ப் என்ற பாகம் கல்லில் இடித்தால் ராலி அங்கேயே முடிந்தது; அதற்குக் கனத்த இரும்புத் தகட்டில் ஒரு கவசம். ஸ்பிரிங் பட்டைகளில் ஒன்று கூட்டி வைத்தல். பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் கல் தெறித்து உடையாமல் உட்பக்கமாகத் திருப்பிக் கட்டுதல். மழைத் தண்ணீர் பட்டு மின்சாரம் அடங்கிப் போகாமல் டிஸ்டிரிபியூட்டரை மூடி வைத்தல். டிக்கியில் பேன் பெல்ட், பிளக்குகள், இரண்டு ஸ்டெப்னி, கட்டுக் கம்பி, ஒரு துண்டுச் சோப்பு. சோப்பு எதற்கு என்று கேட்பீர்கள். பெட்ரோல் டாங்கியில் ஓட்டை விழுந்தால் குழைத்து அப்பி அடுத்த ஊர் வரையில் ஒப்பேற்றுவதற்கு!

ஹெரால்டு வண்டியில் ஒரு சௌகரியம் உண்டு. முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாக முன்னால் சாயும். எஞ்சினும் முன் சக்கரங்களும் திறந்த வீடுபோலக் கைக்கு எட்டும். சாலையோரத்தில் ஸ்பானரோடு உட்கார்ந்தவனுக்கு அது பெரிய வரம்.

பணக்காரக் கம்பெனிகளின் முன்னால் இந்தக் கைவேலை எடுபடுமா என்று சந்தேகிப்பவர்களுக்கு ஜோகிந்தர் சிங்கின் சரித்திரத்தைச் சொல்லவேண்டும். கென்யாவில் பிறந்த சீக்கியர் அவர், தொழிலால் மெக்கானிக். 1953-ல் ஆரம்பித்த கிழக்கு ஆப்பிரிக்க சபாரி ராலி உலகத்திலேயே கடினமானது என்று பெயரெடுத்தது. சேறும் வெள்ளமுமாக இருந்த 1963-லும் 1968-லும் முடிவுக்கு வந்து சேர்ந்தவை ஏழே ஏழு வண்டிகள். அப்படிப்பட்ட ராலியில், 1965-ல், ஏற்கனவே வேறொருவர் ஓட்டிப் பழசான ஒரு வால்வோ வண்டியைத் தயார் செய்து, தம்பி ஜஸ்வந்தைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஜோகிந்தர் ஜெயித்தார். 1974-லும் 1976-லும் மறுபடி ஜெயித்தார். வண்டி எங்கே முனகும், எங்கே உடையும் என்று அதைப் பிரித்துப் பூட்டிய கைக்குத் தெரிகிற அளவு வேறு யாருக்குத் தெரியும்?

நம் கோயம்புத்தூரிலும் அப்படி ஒரு கை இருந்தது. ஜவுளி யந்திரம் செய்யும் குடும்பத்தில் 1954-ல் பிறந்த கரிவரதன், வெளிநாட்டுப் பந்தய வண்டிக்குக் காத்திராமல், மாருதி 800 காரின் எஞ்சினை வைத்து ஒற்றை ஆசனப் பந்தய வண்டியை இங்கேயே உண்டாக்கினார். நடுத்தரக் குடும்பத்துப் பையன்கள் பந்தயம் பழகுவதற்கு அது வழி திறந்தது. 1995-ல் விமான விபத்தில் அவர் அகால மரணம் அடைந்தார். செட்டிபாளையத்தில் 2003-ல் திறக்கப்பட்ட பந்தயத் தளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சோழவரத்து ஓட்டமும் 1990-ல் இருங்காட்டுக்கோட்டைக்குக் குடிபெயர்ந்துவிட்டது. வேகத்துக்கு வீடு கிடைத்துவிட்டது என்று அர்த்தம். வேகத்தை அங்கே விட்டுவிட்டு வந்தால் சாலைக்கு நிம்மதி.

1968-ல் லண்டனிலிருந்து சிட்னிக்கு ஒரு மாபெரும் ராலி நடந்தது. நவம்பர் 24-ந் தேதி புறப்பட்ட 98 வண்டிகள், டில்லி வழியாகப் பம்பாய் வந்து, எஞ்சியவை கப்பலேறி ஆஸ்திரேலியா போயின. முடிவு நெருங்கிய நேரத்தில், முன்னணியில் இருந்த லூசியன் பியாங்கியின் வண்டி எதிரே வந்த ஒரு காரில் மோதி நொறுங்கியது. அடுத்து அங்கே வந்தவர் பாடி ஹாப்கிர்க். அவரும் போட்டியாளர்தான், விநாடிக்கு விநாடி கணக்கு ஓடுகிறது. அவர் வண்டியை நிறுத்தினார். தீயை அணைத்தார், காயம்பட்டவர்களைக் கவனித்தார். முதல் பரிசு ஆண்ட்ரூ கோவனுக்குப் போயிற்று. ஹாப்கிர்க் இரண்டாவதாக வந்தார்.

இன்றைக்குச் சென்னை, மும்பை போன்ற நகரங்களில் விசித்திரமான ஒரு ராலி நடப்பதுண்டு. வழிகாட்டிப் புஸ்தகம் பிரெயில் புள்ளிகளில் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து அதை விரலால் தடவிப் படித்து வழி சொல்கிறவர் கண் தெரியாதவர். கண் உள்ளவர் அவர் சொற்படி ஓட்டுவார். இதுவும் நேரக் கணக்கில்தான். இங்கேயும் முந்தி வருவது குற்றந்தான். 1894-ல் பாரிஸ் நடுவர்கள் எதற்குப் பரிசு கொடுத்தார்களோ, அதே குணத்துக்குத்தான் இங்கேயும் பரிசு. பக்கத்தில் இருப்பவரை நம்பி, சாலையில் போகிறவரை மதித்து, சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேருவது! தண்டவாளம் போன பிறகு சாலையை நம்பி வாழ்கிற மொரப்பூர் மாதிரியான ஊர்கள் மோட்டார்க்காரரிடம் கேட்பதும் இவ்வளவுதான்.