செய்திக் கருவிகள் யார் உடைமை?

ஒரு சமுதாயம் தன் குறைகளை உலகறியச் செய்வதற்கு எழுதுகோல் மட்டும் போதாது. எழுதியதை அச்சிட்டு ஊரெங்கும் கொண்டு சேர்க்கும் கருவிகளும் வேண்டும். அக்கருவிகளை உடையவர் விரும்பும் குரலே ஓங்கி ஒலிக்கும். இவ்வுண்மையை நம் முன்னோர் நூறாண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்தனர்.

1893-இல் இரட்டைமலை சீனிவாசனார் சென்னையில் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907 ஜூன் 19-ஆம் நாள் அயோத்திதாசப் பண்டிதர் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழை வெளியிட்டார். ஏழை வாசகரும் வாங்கக்கூடிய விலையையே அவ்விதழ் தன் பெயரில் தாங்கியது. 1920 ஜனவரி 31-ஆம் நாள் பம்பாயில் அண்ணல் அம்பேத்கர் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கினார். கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜா அதற்கு 2,500 ரூபாய் வழங்கினார். அவ்விதழைப் பற்றிய விளம்பரத்தைக் கட்டணம் பெற்று வெளியிடவும் 'கேசரி' மறுத்துவிட்டது. அச்சகம் பிறர் கையில் இருப்பதன் விளைவுக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

விடுதலைக்குப் பின் 1952-இல் அமைக்கப்பட்ட முதல் பத்திரிகை ஆணையம், நாளேடுகளின் உடைமை ஒரு சிலர் கையில் குவிந்து வருவதை 1954-இல் எடுத்துரைத்தது. பெருநிறுவனங்கள் விளம்பர வருவாயைக் கொண்டு மிகுந்த பக்கங்களைக் குறைந்த விலைக்கு விற்றன. விளம்பரம் பெறாத சிற்றேடுகள் அவற்றோடு போட்டியிட இயலவில்லை. பக்கத்திற்கேற்ப விலையை வரையறுக்க 1956-இல் சட்டம் பிறந்தது. ஆயின் அது பேச்சுரிமைக்கு முரணானது எனக் கூறி 1961-இல் உச்ச நீதிமன்றம் அதனைச் செல்லாததாக்கியது. பத்திரிகை நடத்துவோரின் உரிமை காக்கப்பட்டது. பத்திரிகை நடத்தப் பொருளற்றோரின் உரிமை வினாவாகவே நின்றது.

தொலைக்காட்சி 1959-இல் டெல்லியில் அரசின் கையில் தொடங்கியது. 1990-களில் தனியார் அலைவரிசைகள் பெருகின. வானலைகள் பொதுச் சொத்து என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் நடந்தது வேறு. 2014-இல் ரிலையன்ஸ் குழுமம் நெட்வொர்க்18 நிறுவனத்தைத் தன்வயப்படுத்தியது. 2022-இல் என்.டி.டி.வி. அதானி குழுமத்தின் வசமாயிற்று. 2024 நவம்பரில் ரிலையன்சும் டிஸ்னியும் தம் இந்தியத் தொலைக்காட்சி நிறுவனங்களை இணைத்தமையால், நூற்றுக்கும் மேற்பட்ட அலைவரிசைகள் ஒரு குடையின்கீழ் வந்தன. இத்தகைய குவிப்பைக் கட்டுப்படுத்தத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2014-இல் அளித்த பரிந்துரைகள் சட்டமாக உருப்பெறவில்லை.

உடைமை குவிந்த இடத்தில் பணியிடங்களும் பரந்து விரிவதில்லை. 1996-இல் பத்திரிகையாளர் பி.என். உனியால் தலைநகர் டெல்லியில் ஒரு தலித் செய்தியாளரைத் தேடிக் காணாது, அச்செய்தியை 'பயனியர்' நாளேட்டில் எழுதினார். நம்மைப் பற்றிய செய்தியை நாமின்றியே பிறர் எழுதிவந்த நிலையை அக்கட்டுரை வெளிப்படுத்தியது.

ஆகவே, இளைஞர்களே! எந்தச் செய்தியைப் படித்தாலும் அதனை வெளியிடும் நிறுவனம் எவருடையது என்று கேட்கப் பழகுவோம். இதழியலோடு சட்டமும் கணக்கியலும் ஒளிப்பதிவும் கற்போம். சிறிதாயினும் நமக்கென ஓர் இதழை, சந்தா செலுத்தித் தவறாது தாங்குவோம். ஒரு பைசாவில் நம் முன்னோர் எழுப்பிய குரலைத் தொடரும் வழி அதுவே.